செயின்ட் ஆண்ட்ரூஸில் பந்தைத் தரையோடு ஆடுங்கள்: கோலாலம்பூர் கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் பெரிய மனிதர்களின் தனியார் கிளப் என்று நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது ஊர்ப் பொதுநிலம். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் இருக்கும் அந்தத் திடலை லிங்க்ஸ் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை நடத்துகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக ஆட்டம் கிடையாது. ஊர்மக்கள் நாயைக் கூட்டிக்கொண்டு ஃபேர்வேயில், அதாவது புல் வெட்டிய ஆட்டப்பாதையில், நடப்பார்கள். ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது) 36-க்குள் இருந்து, அதற்கான சான்றும் கையில் இருந்தால், சிலாங்கூரில் வார இறுதியில் மட்டும் ஆடுகிறவரும் அங்கே ஆடலாம்.

போய் ஆடிவிட்டு வருவது ஒன்று, நன்றாக ஆடிவிட்டு வருவது வேறு. நம் ஊர்த் திடல்கள் மழையில் ஊறிய மெத்தை. கவ் கிராஸ் என்ற தடித்த புல்லில் பந்து உட்கார்ந்துகொள்ளும், குழி இருக்கும் கிரீனில் விழுந்தால் விழுந்த இடத்திலேயே நிற்கும். காற்றென்று சொல்ல எதுவும் இல்லை. அதனால் எல்லா ஷாட்டையும் உயரத் தூக்கி அடித்தே பழகிவிட்டோம். அங்கே தரை கல்போல் இறுகியிருக்கும், காற்று கடலிலிருந்து சீறும். உயரப் போன பந்து உங்கள் பேச்சைக் கேட்காது. இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாமே பந்தைத் தாழ்த்தி, தரையில் ஓடவிடக் கற்றுக்கொள்வதைப் பற்றியதுதான்.

இடம் கிடைப்பது

முக்கிய வழிகள் மூன்று. முதலாவது, அடுத்த ஆண்டுக்கான முன்விண்ணப்பம். ஆண்டுக்கு ஒருமுறை, குறுகிய காலத்துக்கு மட்டும் திறக்கும்; தவறவிட்டால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். இரண்டாவது, குலுக்கல். ஆட வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்பு, ஸ்காட்லாந்து நேரப்படி மதியம் 2 மணிக்குள் இணையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். கோடையில் அது நமக்கு இரவு 9 மணி. குறைந்தது இரண்டு பேர், அதிகம் நான்கு பேர் சேர்ந்து பெயர் கொடுக்கலாம். முடிவு அன்று மாலையே வந்துவிடும். மூன்றாவது, தனியாகப் போகிறவர்களுக்கானது. முந்தைய நாள் நேரில் போய்ப் பதிய வேண்டும். அதிலும் குலுக்கல்தான்: பெயர் வந்தால், இரண்டு மூன்று பேராக ஆடும் குழுக்களில் இருக்கும் காலி இடத்தில் சேர்த்துவிடுவார்கள்.

இரண்டு நாள் பயணத்தில் குலுக்கலை நம்பிப் போவது வீண்செலவு. திங்கள் முதல் சனி வரை ஊரில் தங்கினால் தினமும் பெயர் கொடுக்கலாம். சீட்டு விழாத நாளில் சும்மா இருக்க வேண்டியதில்லை: நியூ கோர்ஸ் (1895), ஜூபிலி (1897), ஈடன் (1914) எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன, அவையும் பொதுத் திடல்கள், இடம் கிடைப்பதும் எளிது. ஓல்ட் கோர்ஸுக்கு முன்னால் நியூ கோர்ஸில் ஒரு சுற்று ஆடியே தீர வேண்டும் என்பது எங்கள் கருத்து. தரை எப்படிப் பந்தைத் தள்ளுகிறது என்பதை முதல்முறையாகப் பார்க்கும் இடம் ஓல்ட் கோர்ஸின் முதல் ஹோலாக இருக்கக் கூடாது.

உயர்காலக் கட்டணம் ஒருவருக்கு 300 பவுனுக்கு மேல். நவம்பர் முதல் மார்ச் வரை மிகக் குறைவு. ஆனால் அப்போது ஃபேர்வேயில் சின்னப் பாய் ஒன்றை விரித்து அதன் மேலிருந்துதான் பந்தை அடிக்க வேண்டும், பகலும் குட்டை. மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். கோலாலம்பூரிலிருந்து எடின்பரோவுக்கு எங்காவது விமானம் மாற வேண்டும். அங்கிருந்து லூக்கர்ஸ் வரை ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், பிறகு பேருந்தில் கால் மணி நேரம். செயின்ட் ஆண்ட்ரூஸில் ரயில் நிலையம் இல்லை. மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டாம், ஆனால் இ.டி.ஏ. என்ற மின்னனுமதியைப் புறப்படும் முன்பே எடுத்திருக்க வேண்டும்.

இங்கேயே மூன்று மாதம்

முதலில் கணக்கு. நம் திடல்களில் பெரும்பாலும் மீட்டர், அங்கே யார்டு. 1 மீட்டர் 1.09 யார்டு. உங்கள் 7-அயர்ன் (அயர்னின் எண் கூடக் கூடத் தூரம் குறையும்) 130 மீட்டர் போகுமானால் அது 142 யார்டு. ஒவ்வொரு கிளப்புக்கும், அதாவது மட்டைக்கும், இதைப் பெருக்கி ஒரு சீட்டில் எழுதிப் பையில் வையுங்கள். திடலில் நின்று மனக்கணக்குப் போட்டால் ஒரு கிளப் பிசகும். குளிரும் கொஞ்சம் தின்னும்: 33 பாகையில் அடித்துப் பழகிய பந்து 15 பாகையில் 7-அயர்னுக்கு 5 யார்டு வரை குறையலாம்.

அடுத்தது காற்று. நடைமுறைக் கணக்கு இது: எதிர்க்காற்று மணிக்கு ஒரு மைல் கூடினால் தூரம் 1% கூடியதாக வைத்துக்கொள்ளுங்கள், பின்காற்றுக்கு அதில் பாதிதான் குறையும். கொடி 150 யார்டில் இருக்கிறது, எதிரே 20 மைல் காற்று என்றால், 180 யார்டுக்கு அடிக்க வேண்டும். அதே காற்று முதுகில் அடித்தால் 135. அங்கே 20 மைல் காற்றை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அது சாதாரண நாள்.

இந்த 180 யார்டை 150-க்கான கிளப்பை எடுத்து முரட்டுத்தனமாக வீசி எட்டிவிடலாம் என்று நினைப்பதுதான் நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. வேகமாக அடித்தால் பந்தின் பின்சுழற்சி கூடும். பின்சுழற்சி கூடினால் எதிர்க்காற்றில் பந்து பட்டம்போல் மேலே ஏறி, நின்று, செங்குத்தாக விழும். அடித்தவருக்கு நல்ல ஷாட்டாகத் தோன்றும், பந்து மட்டும் 40 யார்டு முன்னாலேயே கிடக்கும். மருந்து இதுதான்:

1. வழக்கத்தைவிட இரண்டு கிளப் அதிகம் எடுங்கள். 7-அயர்ன் தூரம் என்றால் 5-அயர்ன்.
2. பிடியில் ஓர் அங்குலம் கீழே இறங்கிப் பிடியுங்கள்.
3. பந்தை ஒரு பந்தகலம் பின்னே வையுங்கள், அதாவது வலக்கை ஆட்டக்காரருக்கு வலக்கால் பக்கம். அதற்கு மேல் பின்னே போனால் கிளப் நேராகத் தரையில் குத்தும்.
4. எடையில் 60% முன்காலில் இருக்கட்டும், கடைசிவரை அங்கேயே இருக்கட்டும்.
5. முக்கால் வீச்சு. அடித்த பிறகு கைகள் மார்புயரத்தில் நின்றுவிட வேண்டும். தோளுக்கு மேல் போனால் பந்தும் மேலே போகும்.

இதை டிரைவிங் ரேஞ்சில் பழகலாம், ஒரு நிபந்தனையோடு. ரேஞ்ச் பாய் பொய் சொல்லும். பந்துக்கு இரண்டு அங்குலம் முன்பே தரையைத் தொட்டாலும் கிளப் வழுக்கிப் போய்ப் பந்தை அடித்துவிடும். அதனால் பந்துக்குப் பின்னே நான்கு விரற்கடை தள்ளி ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். துண்டு அசைந்தால் அந்த ஷாட் கணக்கில் இல்லை. 50 பந்தில் 40 முறை துண்டு அசையாமல் இருந்தால் தயார்.

காற்றையே பழக வேண்டும் என்றால் கிழக்குக் கரைக்குத்தான் போக வேண்டும். ஜொகூரின் டெசாரு கரையில் உள்ள எல்ஸ் கிளப்பின் ஓஷன் கோர்ஸ் தென்சீனக் கடலை ஒட்டியது. கோலாலம்பூரிலிருந்து நான்கு மணி நேரக் கார்ப் பயணம். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், மழை விட்ட ஒரு நாளாகப் பார்த்துப் போனால் காற்றுக்குக் குறை இருக்காது. தரை மட்டும் ஸ்காட்லாந்து மாதிரி இருக்காது. வெப்பமண்டலப் புல் வேறு சாதி.

கிரீனைச் சுற்றி ஆடுவதுதான் இன்னும் பெரிய மாற்றம். நம் கையிலிருக்கும் சேண்ட் வெட்ஜின் (பந்தை உயரத் தூக்கும் மட்டை) அடிப்பாகக் கோணம், அதாவது பவுன்ஸ், பெரும்பாலும் 12 முதல் 14 பாகை. மெத்தைப் புல்லுக்கு அது சரி. இறுகிய தரையில் அந்த அடிப்பாகம் தட்டி எழும்ப, கிளப்பின் விளிம்பு பந்தின் வயிற்றில் வெட்டும். பந்து கிரீனைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். 6 முதல் 8 பாகை பவுன்ஸ் உள்ள ஒரு வெட்ஜை இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள். அதைவிட நல்லது வெட்ஜை எடுக்காமலே இருப்பது. 30 யார்டுக்குள், நடுவில் பங்கர் (மணல்குழி) இல்லை என்றால், பந்தைத் தரையில் உருட்டும் பட்டர்தான் முதல் தேர்வு. பங்கர் இல்லை, ஆனால் மேடுபள்ளம் அதிகம் என்றால் 8-அயர்ன்: பட்டர் பிடிப்பதுபோல் பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல், மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் பந்தை விழவைத்து மீதியை ஓடவிடுங்கள்.

பட்டிங்கில் நம் ஊர் பெர்முடா கிரீன்களில் புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே கண் பழகியிருக்கும். அங்கே அந்தக் கவலை மிகக் குறைவு. சரிவும் காற்றும்தான். தூரம்தான் ஆளைக் கொல்லும்: இரண்டு ஹோல்கள் பங்குபோடும் இரட்டைக் கிரீன்களில் 40 யார்டு பட் வரும். கிளப்பில் இருக்கும் பயிற்சிக் கிரீனின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, வாரம் 30 பட். குழிக்குள் போட வேண்டியதில்லை. குழியைச் சுற்றி ஒரு கை நீளத்துக்குள் நிறுத்தினால் போதும்.

இன்னொன்று கால். அங்கே பக்கி வண்டி கிடையாது. மருத்துவக் காரணம் இருந்தால்தான் கேட்டுப் பார்க்கலாம். பந்தைத் தேடி அலைவதையும் சேர்த்தால் 10 கிலோமீட்டர் நடை, அதை நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். தைப்பூச ரதத்தோடு பத்துமலை வரை நடந்து பழகியவர்களுக்கு இது ஒன்றுமில்லை. பக்கியில் உட்கார்ந்தே ஐந்து மணி நேரம் ஆடுகிறவர்களுக்கு 13-ஆம் ஹோலில் கால் இழுக்கும், அதோடு வீச்சும் குலையும். காலையில் பசியாறும் முன் தீத்திவாங்சா ஏரியைச் சுற்றி வாரம் மூன்று முறை ஒரு மணி நேரம் நடந்தால் போதுமானது.

பையில்

குடை வேண்டாம், காற்று அதைத் திருப்பிவிடும். நீர்புகாத சட்டையும் கால்சட்டையும், உள்ளே இரண்டு மெல்லிய அடுக்கு, காதை மூடும் குல்லா, இரு கைக்கும் மழைக் கையுறை ஒரு ஜோடி. பந்து ஒன்பது போதும். தண்ணீர் அதிகம் இல்லாத திடல் அது. குட்டை டீ ஆணிகள். நாலு வெட்ஜ் தூக்குகிறவர்கள் இரண்டைக் கழற்றிவிட்டு ஒரு 4-அயர்னோ டிரைவிங் அயர்னோ போடுங்கள்.

பையைத் தூக்கி வழிகாட்டும் கேடி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள் (தமிழில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் பொருளை மறந்துவிடலாம்). ரொக்கப் பவுனில் கொடுக்க வேண்டும், டிப்ஸும் உண்டு. முதல் ஹோலிலேயே உங்கள் உண்மையான தூரத்தைச் சொல்லிவிடுங்கள். 7-அயர்ன் 160 என்று பெருமைக்குச் சொன்னால் அந்தப் பெருமையை வைத்தே அவர் கிளப் எடுத்துக் கொடுப்பார், நாள் முழுக்கப் பந்து முன்னாலேயே விழும்.

திடலில்

ஓல்ட் கோர்ஸ் ஒரு கைத்தடி மாதிரி. ஊரைவிட்டு நேரே போய், நுனியில் வளைந்து, அதே வழியே திரும்பி வருகிறது. போகும் ஹோல்களுக்கு வலப்பக்கம் மஞ்சள் பூப் பூக்கும் முட்புதர். வரும் ஹோல்களுக்கு வலப்பக்கம் மதில், ஹோட்டல், தெரு. இரண்டு வழியிலும் இடப்பக்கம் எதிர்வழி ஃபேர்வே. ஆகவே டீயில், அதாவது முதல் ஷாட் அடிக்கும் இடத்தில், சந்தேகம் வந்தால் இடப்பக்கம் அடியுங்கள். பந்து வலப்பக்கம் வளையும் ஆட்டக்காரர், அதாவது நம்மில் முக்கால்வாசிப் பேர், இந்த ஒரு விதியால் மட்டும் நாலைந்து அடி மிச்சம் பிடிக்கலாம். விலையும் உண்டு: இடப்பக்கமிருந்து கிரீனுக்குக் கோணம் மோசமாகும். அதற்காக வலப்பக்கம் போய்ப் பந்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

18 ஹோல்களில் 1, 9, 17, 18-க்கு மட்டும் தனிக் கிரீன். மற்ற 14-க்கும் ஏழு இரட்டைக் கிரீன்கள். 2-உடன் 16, 3-உடன் 15 என்று ஜோடி எண்களைக் கூட்டினால் 18 வரும். போகும்போது உங்களுக்கு வெள்ளைக் கொடி, வரும்போது சிவப்பு. பார்க்க எளிது, ஆனால் 170 யார்டில் கண்ணைக் காற்று கலக்கும்போது வேறு ஹோலின் கொடிக்கு அடித்துவிட்டுத் திகைப்பவர்கள் தினமும் உண்டு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் நிறத்தைப் பாருங்கள்.

முதல் ஹோல் 376 யார்டு. ஃபேர்வே 18-ஆம் ஹோலோடு சேர்ந்து மைதானம்போல் விரிந்திருக்கும். ஹைபிரிட் மட்டை போதும், வலப்பக்கம் எல்லைக்கு வெளியே. கிரீனுக்குச் சற்று முன்னே ஸ்வில்கன் ஓடை. இரண்டாவது ஷாட்டுக்கு ஒரு கிளப் அதிகம் எடுங்கள், கிரீனின் பின்பாதியில் விழுந்தாலும் பாதகமில்லை. 7-ஆம் ஹோலும் 11-ஆம் ஹோலும் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும். அங்கே நிமிர்ந்து பாருங்கள், தேவைப்பட்டால் கத்துங்கள்.

11 ஒரு குட்டை பார் 3, அதாவது மூன்று ஷாட்டில் முடிக்க வேண்டிய ஹோல். முன்னே ஸ்டிராத், இடப்பக்கம் ஹில் என்று இரண்டு பங்கர்கள், பின்னே ஈடன் கழிமுகம். கொடி ஸ்டிராத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் கொடியை மறந்துவிட்டுக் கிரீனின் நடுவை எடுங்கள். 12-இல் டீயிலிருந்து ஒரு பங்கரும் கண்ணுக்குத் தெரியாது. திடலை ஒரு காலத்தில் எதிர்த்திசையில் ஆடினார்கள். அந்தப் பங்கர்கள் அப்படி வருகிறவர்களுக்காக முகம் திரும்பி நிற்கின்றன. அந்த ஹோலில் கேடி கைகாட்டிய இடம்தான் உங்கள் இலக்கு.

14 நீளமான பார் 5. வலப்பக்க மதிலுக்கு அப்பால் எல்லைக்கு வெளியே, இடப்பக்கம் பியர்டீஸ் பங்கர்கள். அதைத் தாண்டினால் ஹெல் பங்கர். பெயருக்கேற்ற இடம், 1995 ஓபன் சாம்பியன்ஷிப்பில் பெரும் ஆட்டக்காரர் ஜாக் நிக்லஸே இந்த ஹோலில் 10 எடுத்தார். இரண்டாவது ஷாட்டை இடப்பக்கம் 5-ஆம் ஹோலின் ஃபேர்வேக்கு அடித்துவிட்டு, அங்கிருந்து மூன்றாவது.

பங்கரில் விழுந்துவிட்டால்

மொத்தம் 112 பங்கர்கள். 2000 ஓபனில் டைகர் உட்ஸ் நான்கு சுற்றிலும் ஒன்றில்கூட விழவில்லை, எட்டு அடி வித்தியாசத்தில் வென்றார். நாம் விழுவோம். மாமாக் கடையில் அடுக்கி வைத்த ரொட்டி சானாய்போல், புல்பாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய செங்குத்துச் சுவர். அதிலிருந்து பந்துவரை உங்கள் கிளப்பின் நீளமாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெட்ஜின் முகத்தை வானம் பார்க்கத் திறந்து, கால்களை மணலில் புதைத்து, பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னே மணலை அடித்து, கையை நிறுத்தாமல் வீசி முடியுங்கள். அதைவிட நெருக்கமாக இருந்தால் கொடி இருக்கும் திசையை மறந்துவிடுங்கள். பக்கவாட்டிலோ பின்னோக்கியோ, சுவர் எங்கே தாழ்வோ அங்கே. முன்னோக்கி அடித்தால் பந்து சுவரில் பட்டு உங்கள் கால்தடத்திலேயே வந்து உட்காரும், இம்முறை இன்னும் மோசமாக. பயிற்சி வீச்சில் கிளப் மணலைத் தொட்டால் இரண்டு அடி தண்டனை.

எதுவும் முடியாது என்றால் விதி உதவும். ஆட முடியாத பந்து என்று அறிவித்து, ஒரு அடி தண்டனையோடு பங்கருக்குள்ளேயே டிராப் செய்யலாம், அதாவது பந்தைக் கையிலிருந்து விழவிட்டு ஆடலாம்; முந்தைய ஷாட் அடித்த இடத்துக்குத் திரும்பலாம்; 2019-இலிருந்து, இரண்டு அடி தண்டனையோடு, கொடியையும் பந்தையும் இணைக்கும் கோட்டில் பங்கருக்கு வெளியே பின்னால் போய் டிராப் செய்யலாம். உள்ளே நான்கு முறை வெட்டுவதைவிட இந்த இரண்டு அடி மலிவு.

17, 18

17-ஆம் ஹோலான ரோட் ஹோல் ஓபனில் 495 யார்டு பார் 4. நாம் அதை மனதில் பார் 5 ஆக்கிக்கொள்ள வேண்டும். டீ ஷாட் ஹோட்டல் கொட்டகையின் மூலைக்கு மேலே போகிறது. கொட்டகைச் சுவரில் பெரிய எழுத்தில் பெயர் இருக்கும். துணிச்சல் இல்லாதவர்கள் எழுத்துகளுக்கு இடப்பக்கம். இரண்டாவது ஷாட்டில் கிரீனைத் தொட முயலாதீர்கள். கிரீன் குறுகலாகக் குறுக்கே கிடக்கிறது: முன்னே ரோட் பங்கர், பின்னே தார்ச்சாலையும் மதிலும். சாலையும் ஆட்டக்களம்தான், அதிலிருந்து இலவசமாகப் பந்தை எடுத்துவைக்க முடியாது. கிரீனுக்கு முன்னே வலப்பக்கம் நிறுத்துங்கள், அங்கிருந்து பட்டர். 1978 ஓபனில் ஜப்பானின் டாமி நாகஜிமா இரண்டே ஷாட்டில் கிரீனில் ஏறிவிட்டார். அவருடைய பட் சரிவில் உருண்டு பங்கருக்குள் இறங்கியது. வெளியே வர நான்கு அடி, மொத்தம் 9. கிரீனில் இருந்தாலும் அந்தப் பங்கர் பக்கம் முகம் காட்டாதீர்கள்.

18-இல் வலப்பக்கம் தெரு, இடப்பக்கம் மைதானம் அகலம். எதிரே கிளப் ஹவுஸ் கடிகாரத்தைப் பார்த்து அடியுங்கள். ஸ்வில்கன் ஓடைப் பாலத்தில் படமெடுக்கப் பின்னால் வருகிறவர்களைக் காக்கவைக்க வேண்டாம், 20 வினாடி போதும். கிரீனுக்கு முன்னே இருக்கும் பள்ளத்தின் பெயர் வேலி ஆஃப் சின். சற்றே குறைந்த ஷாட் எல்லாம் கிரீன் விளிம்பைத் தொட்டுவிட்டு அதில் பின்னே வழிந்து வரும். அதற்குள்ளிருந்து வெட்ஜ் எடுப்பவர்கள் பெரும்பாலும் மறுபடி அதே பள்ளத்தில்தான் நிற்கிறார்கள். 1995 ஓபனில் இத்தாலியின் கோஸ்டான்டீனோ ரோக்கா அங்கே ஒரு சிப்பை (சற்றே தூக்கி அடிக்கும் குட்டை ஷாட்) சொதப்பிவிட்டு, அடுத்ததாகப் பள்ளத்திலிருந்தே பட்டரால் அடித்துக் குழிக்குள் போட்டார். நீங்கள் சிப்பை விட்டுவிட்டு நேரே பட்டருக்கே போங்கள்: மேடேறும் தூரத்துக்கு நினைத்ததைவிடக் கால்பங்கு பலமாக.